எண்ணெய்க் கப்பலின் கடித உறைகள்

ஒக்லாந்துக்கு வந்த மூன்றாவது வருடம் எனக்கு வீட்டு உதவியாளர் வேலை கிடைத்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். நாங்கள் அப்போது மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் ஒடாஹுஹுவில் டயர் மாற்றும் கடையொன்றில் வேலை செய்தார். மன்னாரில் அவர் பள்ளிக்கூட ஆசிரியர். நான் தபால் கந்தோரில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். அந்த இரண்டு வேலைகளைப் பற்றியும் நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

புதன்கிழமைகளில் எனக்குக் கிளென் ஈடனில் ஒரு வீடு. பஸ்ஸில் நகரத்துக்குப் போய், அங்கிருந்து மேற்கே போகும் ரயிலைப் பிடிக்கவேண்டும். ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறினால் ஐந்து நிமிட நடை. வெள்ளைப் பலகை வீடு, வாசலில் நீலப் பூச்செடிகள், படலையடியில் தகரத்தாலான கடிதப் பெட்டி. அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் சிட்னியில். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதால் அவருக்கு ஓரங்கள் மட்டுந்தான் தெரியும். ஆளோடு கதைக்கும்போது முகத்தைச் சற்றே வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று முதல் நாள் நினைத்தேன். அப்படித் திருப்பினால்தான் என்னைப் பார்க்கமுடிகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

அதிகம் கதைக்காதவர். நான் வேலை செய்யும்போது குசினி மேசையில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். பத்தரைக்கு இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றச் சொல்வார். அந்த நேரத்தில் ஒருநாள், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி என்னை நன்றாகப் பார்த்தார். இனி அவர் பேசியவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"தபால் கந்தோரிலா? அப்படியென்றால் உறைகளில் குத்தியிருக்கும் சீல்களை உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும். கலங்கிப்போன சீலையும் வாசிப்பேன். அதுதான் என் வேலையாக இருந்தது."

அவர் எழுந்து போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஓர் அமெரிக்க எண்ணெய்க் கப்பலில் வேலை செய்து உயிர்தப்பிய மாலுமிகள் வருடத்துக்கொரு தடவை ஒன்றுகூடுவார்களாம். கப்பலைப் பற்றிய எந்தப் பொருளாக இருந்தாலும் அனுப்பி உதவும்படி ஒரு முத்திரைச் சஞ்சிகையில் கேட்டிருந்தார்கள். இவர் அதற்கு எழுதியிருக்கிறார். அவர்கள் பதில் போட்டிருந்தார்கள்.

"என்னிடம் அந்தக் கப்பலின் தபாலில் வந்த உறைகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன," என்றார். "அடுத்த வருடம் நான் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். மகனுக்கு இதில் அக்கறை இல்லை. அவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றையும் கழற்றி, திகதி எழுதி, ஒழுங்காக அடுக்கவேண்டும். என் கண்ணால் முடியாது. செய்வாயா?"

நான் ஓம் என்றேன். மூன்று வருடமாக ஒருவர்கூட என்னிடம் எனக்குத் தெரிந்த வேலையைக் கேட்டதில்லை.

ஆல்பம் பெரியது. கறுப்புத் துணி அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உறைகளை மூலைப் பட்டிகளில் செருகி, கீழே கறுப்பு மையில், அச்சடித்ததுபோன்ற சின்ன எழுத்தில் விவரம் எழுதியிருந்தது. எழுதியவர் அவருடைய கணவர். ஒடாஹுஹு ரயில் பட்டறையில் வரைபடம் கீறுகிறவராக வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்.

முதல் பக்கத்தில் கப்பல் கடற்படையில் சேர்ந்த அன்று குத்திய சீலோடு ஓர் உறை. அதை அந்தக் கணவர் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்தார். அதன் கீழே கப்பலின் நீளம், அது ஏற்றக்கூடிய எண்ணெய், கட்டிய துறைமுகம் எல்லாம் எழுதியிருந்தது. அடுத்த பக்கங்களில் அந்தக் கப்பலின் கதை மெதுவாகப் போனது. சண்டை பிடிக்கிற கப்பல் அல்ல அது. சண்டைக்குப் போகும் கப்பல்களுக்குப் பின்னாலேயே போய் எண்ணெய் கொடுக்கும். நடுக்கடலில் இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில், மணிக்கணக்காக ஓட, நடுவில் தடித்த குழாய்களைத் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றுவார்களாம். அதே கயிற்றில் கடித மூட்டையும் மாவு மூட்டையும் மற்றக் கப்பலுக்குப் போகும். பழுது பார்க்க ஒக்லாந்துக்கு வந்தது, திரும்பப் போனது, தீவுகளுக்கிடையே அலைந்தது எல்லாவற்றையும் அவர் எங்கெங்கோ எழுதிக் கேட்டுச் சேர்த்திருந்தார்.

நான் சீல்களைப் பார்த்தேன். போர் தொடங்கிய பிறகு கப்பலின் பெயரைச் சீலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடற்படை என்ற சொல்லும் திகதியும் மட்டுந்தான். தணிக்கை அதிகாரியின் வட்டச் சீலும், அதற்குள் அவரது சுருக்கொப்பமும் இருந்தன. ஆனால் எல்லா உறைகளிலும் சீல் ஒரே மாதிரி, ஓரத்தில் கொஞ்சமும் வழுக்காமல், முத்திரையின் வலது பக்கத்தைச் சரியாகத் தொட்டு விழுந்திருந்தது. அவசரத்தில் குத்துகிற கை அப்படிக் குத்தாது.

"இதைக் குத்தினவர் கவனமான ஆள்," என்றேன்.

அவர் கை நீட்டி உறையின் ஓரத்தைத் தடவினார். பிறகு, "ஓம். அவன்தான் எழுதினான். அவன்தான் சீலும் குத்தினான். கப்பலின் தபால் எழுத்தர் அவன்," என்றார்.

அடுத்த புதன்கிழமைதான் மிச்சத்தைச் சொன்னார். நான் உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மழை பெய்தது. ஹீட்டர் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

போர்க்காலத்தில் அவர் குயீன் தெருவில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்கும் பகுதியில் வேலை செய்தார். கப்பல் பழுதுபார்க்க நின்ற நாட்களில் அந்தத் தபால் எழுத்தர் தன் தாய்க்குக் கையுறை வாங்க வந்திருக்கிறான். தாயின் கையளவு தெரியவில்லை. இவருடைய கையைக் காட்டச் சொல்லி, இதைவிடக் கொஞ்சம் பெரிது என்றானாம். ஆறு கிழமை கப்பல் இங்கே நின்றது. போனபிறகு கடிதங்கள் வந்தன. இரண்டு வருடம் வந்தன. இவரும் எழுதினார்.

"பிறகு நான் என் கணவரைச் சந்தித்தேன். ஒரு காது கேட்காது என்று அவரைப் போருக்கு எடுக்கவில்லை. அமைதியான ஆள். இங்கேயே இருக்கிற ஆள். எனக்கு இருபத்து மூன்று வயது. காத்திருந்து களைத்துவிட்டேன், அதுதான் உண்மை. கப்பலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இனி எழுதாதே, நான் கலியாணம் செய்யப் போகிறேன் என்று. அந்தக் கடிதத்தை இரக்கமாக எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. கடுமையாக எழுதினால் அவன் சீக்கிரம் மறப்பான் என்று நினைத்தேன்."

கலியாணம் முடிந்து சில மாதங்களில் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அவனுடைய தாய் எழுதியிருந்தார். ஒரு பவளத் தீவின் உட்கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை விடியற்காலையில் எதிரியின் நீர்மூழ்கியிலிருந்து அடித்துவிட்டார்கள். கப்பல் நிறைய எண்ணெய். மகன் இல்லை. அவன் உங்களைப் பற்றி எப்போதும் எழுதுவான் என்று அந்தத் தாய் எழுதியிருந்தாராம்.

"அவன் தாய்க்குச் சொல்லவில்லை," என்றார் அவர். "என் கடிதத்தை வாசித்துவிட்டு, அதைத் தாய்க்குக்கூடச் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டே செத்திருக்கிறான். ஐம்பது வருடமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

அவன் எழுதிய கடிதங்களை அவர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். உறைகளை எரிக்க மனம் வரவில்லை. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் கணவர் அவற்றை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கண்டுபிடித்தார். கடைக்கு வந்த மாலுமி ஒருவர் முத்திரைக்காக அனுப்பியவை என்று இவர் சொன்னார். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆல்பம் வாங்கிவந்து வேலையைத் தொடங்கிவிட்டார். பல வருடம் செய்தார். கப்பல் எப்படி மூழ்கியது என்ற பக்கத்தை எழுதி முடித்த அன்று, இந்தக் குசினி மேசையில் வைத்து மனைவிக்கு அதை வாசித்தும் காட்டினார். எத்தனை மணிக்கு அடித்தார்கள், எவ்வளவு நேரம் எரிந்தது எல்லாம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றேன். வேறென்ன சொல்வது?"

அன்று போகும்போது அவர் என்னிடம் கேட்டார். "உன் ஊரிலிருந்து உனக்குக் கடிதம் வருகிறதா?"

வருவதில்லை என்றேன். சண்டை என்றேன். ரயில் ஓடுவதில்லை, கடிதங்கள் வவுனியாவில் மாதக்கணக்காகக் கிடக்கும் என்றேன். அதெல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டது வேறு.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். கடற்தொழில். நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது அம்மா அவனோடு நின்றார். விசா சரிவரும், அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வா என்று நான் எழுதினேன். அவன் வாறன் வாறன் என்று இழுத்தான். அதற்குள் ஊர் மறுபடி இடம்பெயர்ந்தது. மடுக் காட்டுக்குள் தறப்பாள் விரித்த கூடாரத்தின் கீழே இருந்தார்கள். அம்மாவுக்கு நீரிழிவு. மருந்து கிடைக்கவில்லை. அம்மா இறந்து நான்கு மாதத்துக்குப் பிறகு அவனுடைய கடிதம் எனக்குக் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாள். "அக்கா, அம்மா போட்டா. நான் ஏலுமானதெல்லாம் செய்தனான்," என்று தொடங்கியிருந்தான்.

நான் அன்றே பதில் எழுதினேன். "அம்மாவைச் சாகவிட்டது நீதான். இனிமேல் எனக்குத் தம்பி இல்லை." இந்த இரண்டு வரிதான் கடிதம் முழுக்க. மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தெருவில் இருந்த சிவப்புப் பெட்டியில் நானே போட்டேன். கணவருக்குக் காட்டவில்லை. பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

அடுத்த புதன் நாங்கள் ஆல்பத்தின் முடிவுக்கு வந்துவிட்டோம். கடைசித் தாள் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருந்தது. தொட்டவுடனே இரண்டு தாள்களை ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தது. பசை காய்ந்து ஓரம் விட்டிருந்தது. நான் சொன்னேன். "மெதுவாகப் பிரி," என்றார். வெண்ணெய்க் கத்தியை விட்டுப் பிரித்தேன்.

உள்ளே ஓர் உறை. மற்றவற்றைப்போலவே நான்கு மூலைப் பட்டியில், நேராக. ஆனால் முத்திரை நியூசிலாந்து முத்திரை. பெண் கையெழுத்து. கப்பலில் இருந்த அந்த மாலுமியின் பெயருக்குப் போட்டது. முன்பக்கத்தில் விரலை நீட்டிய கையின் படத்தோடு, அனுப்பியவருக்குத் திருப்புக என்ற சீல். பக்கத்தில் பென்சிலால் காணவில்லை என்று எழுதியிருந்தது. அதன் மேலேயே இன்னொரு கையெழுத்தில் கிளென் ஈடன் விலாசம். கலியாணத்துக்கு முன் இருந்த பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்ததை இந்தப் பெண்மணியின் தாய் இங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை.

நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். விலாசம், சீல், பென்சில் எழுத்து, ஒட்டு. கந்தோரில் ஒரு பதிவுத் தபாலை ஒப்படைப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"கீழே ஏதாவது எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தது. அதே கறுப்பு மை, அதே சின்ன எழுத்து. நான் வாசித்தேன். "திருப்பி அனுப்பப்பட்ட உறை. கப்பல் மூழ்கிய பின் சேர்ந்தது. திறக்கப்படவில்லை."

"இதற்கும் குறிப்பு எழுதியிருக்கிறார்," என்றார். சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுதார். முதியவர்கள் அழுவதை அந்த வேலையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல், கையை மடியில் வைத்தபடி அழுவார்கள். இவரும் அப்படித்தான். அந்தக் கணவர் வேலைக்குப் போகும் வழியில் கடிதப் பெட்டியைப் பார்ப்பவராம். அன்று அதை எடுத்தவர் தன் புது மனைவியின் கையெழுத்தை அடையாளம் கண்டிருக்கிறார். கொடுக்கவும் இல்லை. திறக்கவும் இல்லை. எறியவும் இல்லை.

எனக்கு மனதில் ஓர் ஆறுதல் வந்தது. அதை அவருக்குக் கொடுக்க நினைத்தேன்.

"அந்த மாலுமி உங்கள் கடிதத்தை வாசிக்கவேயில்லை," என்றேன். "உங்களில் கோபத்தோடு அவர் சாகவில்லை. நல்லதுதானே?"

அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இல்லை, டியர். கோபமாக இருக்கிற ஒருவனோடு நான் ஐம்பது வருடம் வாழ்ந்து பழகிவிட்டேன். அவனுக்கு என்னில் கோபப்பட உரிமை இருந்தது. இப்போது நீ சொல்கிறாய், அவன் காத்துக்கொண்டிருந்தான் என்று. தபால் எழுத்தர் அவன். மூட்டை வரும்போதெல்லாம் முதலில் பார்க்கிறவன் அவன்தான். இந்த வயதில் நான் இதை எப்படிப் பழகுவது?"

உறையைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றார். அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அன்று மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை.

அன்றைக்கு ரயிலில் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளின் கொப்பியிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன். மகளுக்கு அப்போது பதின்மூன்று.

"யாருக்கு எழுதிறீங்க, அம்மா?"

"மாமாவுக்கு."

"வை டோன்ட் யூ ஜஸ்ட் ரிங் ஹிம்?"

மன்னாரில் யாருக்குப் போன் எடுப்பது என்று அவளுக்கு விளக்க எனக்குப் பலமில்லை. கணவர் வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் முன்னால் உட்கார்ந்தார். கையெல்லாம் கறுப்பு. முதல் கடிதத்தைப் பற்றி அவரிடம் அன்றுதான் சொன்னேன்.

"அந்த ரெண்டு வரியையுமே எழுதினனீர்?"

"ஓம்."

"அவன் அம்மாவைத் தோளில தூக்கிக்கொண்டு போனவனாம். கொழும்பில இருந்து வந்த ஆக்கள் சொன்னவை. நீர் கதைக்க விரும்பேல்லை எண்டுதான் நான் சொல்லேல்லை." பிறகு, "எழுதும். எல்லாத்தையும் எழுதும். கிடைச்சாக் கிடைக்கட்டும்," என்றார்.

நான்கு பக்கம் எழுதினேன். என்னை மன்னிக்கச் சொல்லித் தொடங்கி, மன்னிக்கச் சொல்லியே முடித்தேன். மூன்று பிரதி எடுத்து, மடு மாதா கோயில் விலாசத்துக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று, மன்னாரில் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஒன்று என்று போட்டேன்.

அமெரிக்காவுக்குப் போகவேண்டிய உறைகளை நான் அட்டைகளுக்கிடையே அடுக்கிக் கட்டினேன். தன் கணவர் எழுதிய பக்கங்களையும் சேர்த்து அனுப்பும்படி அந்தப் பெண்மணி சொன்னார். "எழுதியதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்," என்றார். திரும்பி வந்த அந்த உறையை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டார். பொதியை நானே கிளென் ஈடன் தபால் கடையில் கொடுத்துப் பதிவு எடுத்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். அது மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்திலேயே இருந்ததால், வேலை என்றில்லாமல் சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். இஞ்சி பிஸ்கட் கொண்டுபோவேன். எங்களுக்குள் கதை குறைவு. சில நாட்களில் அவர் பாட்டுக்கு யன்னல் பக்கம் திரும்பியிருப்பார். அவருடைய பார்வைக்கு அது என் பக்கமாகவும் இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை போனபோது கட்டிலருகே அமெரிக்கக் கடிதம் ஒன்று திறக்காமல் இருந்தது. எனக்காக வைத்திருந்தார். உயிர்தப்பிய மாலுமிகளில் ஒருவர் கையால் எழுதியிருந்தார். வயதான, நடுங்கிய எழுத்து. நான் சத்தமாக வாசித்தேன்.

உறைகள் பத்திரமாகக் கிடைத்தன, ஒன்றுகூடலில் எல்லோரும் பார்த்தார்கள், சிலர் அழுதார்கள் என்று எழுதியிருந்தார். தான் இயந்திர அறையில் வேலை செய்தவர், தபால் எழுத்தரோடு அதிகம் பழகியதில்லை, முகம்கூடச் சரியாக நினைவில்லை, ஆனால் குரல் நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தார். மூட்டை வந்தால் மேல்தளத்தில் நின்று அவன்தான் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவானாம். எல்லோருக்கும் கொடுத்து முடித்தபிறகு, தனக்குக் கடிதம் இருந்தால் தன் பெயரையும் கடைசியாகச் சத்தம்போட்டுக் கூப்பிட்டு, தானே "ஓம்" என்று பதில் சொல்வானாம். எல்லோரும் சிரிப்பார்களாம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படித்தான் செய்திருப்பான்," என்றார்.

கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. "கடைசி மாதங்களில் அவன் தன் பெயரைக் கூப்பிட்டு நாங்கள் கேட்கவில்லை."

நான் அந்த வரியைக் கண்ணால் மட்டும் வாசித்தேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டிருக்கிறார்," என்றேன்.

தபால் கந்தோரில் சேர்ந்த அன்று, எவருடைய கடிதத்தையும் மறைக்கமாட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒரு போஸ்ட் கார்டைக்கூட நான் பிந்திக் கொடுத்ததில்லை. அன்று ஒரு வரியை மறைத்தேன். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு அவரிடம் கொடுத்தபோது, தாதி யாராவது அதை மறுபடி வாசித்துக் காட்டிவிடுவாளோ என்று பயந்தேன். திருட்டுச் செய்தவள்போல வீட்டுக்கு வந்தேன். அந்தக் கணவரை அதுவரை மனதுக்குள் நான் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு திட்டவில்லை.

குளிர்காலத்தில் அந்தப் பெண்மணி இறந்தார். நித்திரையிலேயே போய்விட்டதாக இல்லத்தில் சொன்னார்கள். மகன் சிட்னியிலிருந்து வந்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போனார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த உறையைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரியை அந்தப் பெண்மணிக்கு யாராவது வாசித்தார்களா என்பதும் தெரியாது.

அதே வருடம், எங்கள் ஊர்க் குடும்பமொன்று இந்தியா வழியாக ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் ஒடாஹுஹுவில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் கணவரும் சோறு கறி சமைத்துக்கொண்டு போனோம். அந்தப் பெண் என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். தபால் கந்தோர் அக்கா என்றாள். சாப்பாட்டை வாங்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்கட தம்பியும் பேசாலைக் கரையில இருந்து போட்டில இந்தியாவுக்கு வெளிக்கிட்டவர். எங்களுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம். ராமேசுவரம் முகாமில நாங்கள் தேடினனாங்கள். அந்தப் போட்டில வந்த ஒருத்தரையும் காணேல்லை."

"வேற கரையில இறங்கியிருக்கலாம்தானே?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கலாம், சேர். சில போட்டுகள் அப்பிடி இறங்கினதெண்டு சொல்லுறவை."

"எப்ப வெளிக்கிட்டவன்?" என்று நான் கேட்டேன். அவள் ஒரு மாதத்தைச் சொன்னாள். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். என் முதல் கடிதம் போய்ச் சேர அவகாசம் இருந்தது. நான்கு பக்கக் கடிதத்துக்கு அவகாசம் இருந்திருக்காது. இரண்டும் அவனுக்குக் கிடைக்காமலும் இருந்திருக்கலாம். என்னுடைய கடிதம் ஒன்றுமே திரும்பி வரவில்லை. எந்தச் சீலையும் பார்த்து நான் எதையும் அறியமுடியாது.

இந்திய முகாம்களுக்கு எழுதினோம். பாதிரிமார் மூலம் விசாரித்தோம். ஒரு வருடம் முழுக்க அப்படிப் போனது. அவனைக் கண்டதாகவும் ஒருவர் சொல்லவில்லை, உடலைக் கண்டதாகவும் சொல்லவில்லை.

அவனுடைய பிறந்தநாள் வந்தபோது பூசையில் மன்றாட அவன் பெயரைக் கொடுக்கவேண்டும் என்று கணவர் சொன்னார். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை தொடங்குமுன் வாசலில் இருந்த மேசையில் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்கவேண்டும். பெயர் எழுதினேன். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. உயிருடன் இருப்பவருக்கு, இறந்தவருக்கு. நான் பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

சுவாமியார் பூசை உடுப்பு மாற்றப் போகும் வழியில் என்னைப் பார்த்து நின்றார். "என்ன பிள்ளை, தாள் விளங்கேல்லையா?"

"விளங்குது, சுவாமி. எதில போடுறதெண்டு தெரியேல்லை."

அவர் தாளைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். என் தோளில் கையை வைத்தார். கணவர்தான் என் கையிலிருந்து பேனையை வாங்கி முதல் கட்டத்தில் அடையாளம் போட்டார்.

"தெரியிற வரைக்கும் இப்பிடியே குடுப்பம்," என்றார்.

பூசையின் நடுவில் பெயர்களை வாசித்தார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்காக. விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக. அதற்கு அடுத்ததாகத் தம்பியின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயரோடு வந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் முழுப்பெயரை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. நான் மற்றவர்களோடு சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை. கணவர் எனக்காகவும் சேர்த்துச் சொன்னார்.